மைதானம் இருக்கிறது, மாலை ஆறு மணி இருக்கிறதா?

பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை சேரப்போகும் ஒருவர் கேட்டது இது: "சேர்க்கைக் கையேட்டில் ஓடுதளம், நீச்சல் குளம், உள்ளரங்கம், ஜிம் என்று நாலு பக்கத்துக்குப் படம் போட்டிருக்கிறார்கள். நான் எந்த அணியிலும் இல்லாத ஆள். எனக்கு இதில் எவ்வளவு கிடைக்கும்? நிஜமாகவே நல்ல வசதியா, படத்துக்கு மட்டுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த விளையாட்டும் உருப்படியாகத் தெரியாது, பரவாயில்லையா?"

மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் வரிசையாக வராது. முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய வளாகம் ஒன்றின் விளையாட்டுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். பயிற்சியாளராக இல்லை. எந்த மைதானம் யாருக்கு, எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடுகிற வேலை. சாவிக்கொத்தும் நோட்டும் என்னிடம் இருக்கும், திட்டும் எனக்குத்தான் விழும். அதனால் இது சாவிக்காரன் பார்வை.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் கையேடு சொல்லாத ஒரு சங்கதி பளிச்சென்று தெரியும். பெரிய வளாகத்தில் இடத்துக்குப் பஞ்சமே கிடையாது, நேரத்துக்குத்தான் பஞ்சம். காலை பதினொரு மணிக்கு உள்ளரங்கத்துக்குள் போனால் ஆள் அரவமே இருக்காது, புறா வேண்டுமானால் இருக்கும். எல்லாரும் வகுப்பில், ஆய்வகத்தில். மாலை ஐந்தரைக்கு மேல் மொத்த வளாகமும் ஒரே கதவை நோக்கி வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷட்டில் கோர்ட் எட்டு இருக்கிறது என்று வையுங்கள். அது நல்ல எண்ணிக்கைதான், படத்திலும் அழகாக விழும். ஐந்தரையிலிருந்து எட்டரை வரை மூன்று மணி நேரம். ஒரு முறைக்கு 45 நிமிடம் என்றால் நாலு சுற்று. சுற்றுக்கு எட்டு கோர்ட், கோர்ட்டுக்கு நாலு பேர். மொத்தம் 128 பேர். 30,000 பேர் படிக்கிற வளாகத்தில் ஒரு மாலைக்கு 128 பேர். இதில் பல்கலைக்கழக அணி நாலு கோர்ட்டை இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது என்றால் மீதி என்ன என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முன்னால் வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதும் பெரும்பாலான வளாகங்களில் ஒரே மாதிரிதான் இருக்கும். உடற்கல்வி வகுப்புகள் முதலில், ஏனென்றால் அதற்கு மதிப்பெண் உண்டு. அப்புறம் பல்கலைக்கழக அணிகள். அதற்குப் பின் துறைகளுக்கிடையிலான போட்டிகள், பிறகு மாணவர் மன்றங்கள். கடைசியில்தான் 'பொதுப் பயன்பாடு' என்று ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டம்தான் உங்களுடையது. எனவே சேர்க்கை அலுவலகத்தில் "எத்தனை கோர்ட் இருக்கிறது" என்று கேட்காதீர்கள். "வார நாட்களில் ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் பொதுப் பயன்பாட்டுக்கு எத்தனை மணி நேரம்" என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் உடனே ஒரு தாளை எடுத்து நீட்டினால் அங்கே ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். "எப்ப வேணாலும் வரலாம் தம்பி" என்றால் அங்கே அட்டவணையே இல்லை, முந்துகிறவனுக்குத்தான் கோர்ட்.

இந்தப் பிரச்சினை புதிதல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1927இல் பிரம்மாண்டமான அமெரிக்கக் கால்பந்து அரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். இன்றைக்கு அதில் 1,07,601 பேர் உட்காரலாம். வருடத்தில் ஒரு சில சனிக்கிழமைகளில் அது நிரம்பும். அதே பல்கலைக்கழகம் அதற்கு அடுத்த வருடம், 1928இல், அணியில் இல்லாத மாணவர்கள் தங்களுக்குள் விளையாடுவதற்கென்றே தனிக் கட்டடம் ஒன்றைத் திறந்தது. அரங்கத்தின் பெயர் உலகத்துக்கே தெரியும். இரண்டாவது கட்டடத்தை அங்கே படித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் சாதாரண மாணவனின் சட்டையில் வியர்வை படிந்தது எதனால் என்று கேட்டால் இரண்டாவதால்தான். கையேட்டில் பெரிய ஸ்டேடியத்தின் படம் பார்த்தால் ரசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே நீங்கள் பார்வையாளர்.

உள்ளரங்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம், ஏனென்றால் நீங்கள் அதிகம் புழங்கப்போகிற இடம் அதுதான். உள்ளரங்கம் விளையாட்டையே உண்டாக்கிய கதை ஒன்று உண்டு. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் முறுக்கிக்கொண்டு நின்ற மாணவர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் ஒரு விளையாட்டை யோசித்தார். 13 விதி எழுதினார். பீச் பழக் கூடை இரண்டை ஜிம்மின் மாடிக் கைப்பிடியில் அடித்தார். அந்தக் கைப்பிடி பத்து அடி உயரத்தில் இருந்தது. கூடைப்பந்து வளையம் இன்றும் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதற்கு அந்த மாடிதான் காரணம்.

இப்போதைய அரங்கத் தரையில் குனிந்து பார்த்தால் கோலப்பொடி கொட்டின மாதிரி ஏழெட்டு நிறத்தில் கோடுகள் ஓடும். கூடைப்பந்துக்கு 28க்கு 15 மீட்டர், கைப்பந்துக்கு 18க்கு 9, ஷட்டிலுக்கு 13.40க்கு 6.10, ஹேண்ட்பால் இருந்தால் 40க்கு 20. எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துக் குழம்புவார்கள், ஒரு வாரத்தில் கண் தன் நிறத்தை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். கோடு அதிகம் இருக்கிற அரங்கம் ஏழை அரங்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோடு அதிகம் என்றால் அந்தத் தரையைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒரே ஒரு விளையாட்டின் கோடு மட்டும் மினுமினுத்தால் அது அணிக்கான அரங்கம், உங்களை உள்ளே விடப்போவதில்லை.

தரை மரமாக இருந்தால் அதன் கீழே சட்டமும் ரப்பர் திண்டும் இருக்கும். குதித்து இறங்கும்போது தரை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், முட்டி பிழைக்கும். சிமெண்ட் மேல் வினைல் விரிப்பை ஒட்டி மரப்பலகை நிறம் கொடுத்த தரைகளும் உண்டு, படத்தில் வித்தியாசம் தெரியாது. குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். மரம் என்றால் பறை மாதிரி ஒரு ஆழமான சத்தம் வரும்.

அந்த மரத்துக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. நான் இருந்த இடத்தில் ஒரு சனிக்கிழமை இரவு நல்ல மழை, கூரையில் ஒரு போல்ட் பக்கத்தில் ஒழுகியிருக்கிறது. ஞாயிறு அரங்கம் மூடல். திங்கள் காலை கதவைத் திறந்தால், வடக்கு ஓரத்தில் பலகைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி எழும்பி நிற்கின்றன. நீரைக் குடித்த பலகை அகலத்தில் விரியும், விரிய இடமில்லாவிட்டால் மேலே கிளம்பும். கெட்டது நாலு சதுர மீட்டர்தான், ஆனால் அது கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே. பிரித்து, அடியில் காயவிட்டு, அதே கனத்தில் பலகை வரவழைத்து, இழைத்து, பூச்சு அடித்து முடிக்க ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் "நாலு பலகைக்கு ஏழு வாரமா" என்று என்னைக் கேட்காத ஆளில்லை. எனவே தண்ணீர் பாட்டிலைக் கோட்டுக்கு வெளியே வை, வெளி ஷூவைக் கழற்றிவிட்டு வா என்று வாசலில் ஒருவர் கத்தினால் கோபப்படாதீர்கள். ஷூவின் அடியில் ஒட்டிவரும் மணல், பூச்சை உப்புத்தாள் மாதிரி அரித்துவிடும். அரங்கத்துக்கென்று தனி ஷூ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அடிப்பாகம் தரையில் கறை விடாத ரகமாகப் பார்த்து.

ஷட்டிலுக்கு இன்னொரு தொல்லை, காற்று. இறகுப் பந்தின் எடையே 4.74 கிராமிலிருந்து 5.50 கிராம்தான். ஏசிக் குழாய் வாய் கோர்ட்டைப் பார்த்து இருந்தால் பந்து எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. அதனால் பல அரங்கங்களில் ஷட்டில் நேரத்தில் மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிடுவார்கள். பக்கத்துப் பாதியில் கைப்பந்து ஆடுகிறவர்கள் அதைப் போடச் சொல்வார்கள். அந்த ஒரு சுவிட்சுக்காக நான் பஞ்சாயத்து பண்ணிய மாலைகள் எத்தனையோ. விளக்கையும் கவனியுங்கள். ஷட்டில் ஆடுகிறவர் அண்ணாந்தே இருப்பார், விளக்குகள் கோர்ட்டுக்கு நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் வரிசையாக இருந்தால் அரங்கம் கட்டியவருக்கு விளையாட்டு தெரியும்.

சரி, வெளியே வருவோம். ஓடுதளம்.

நிலையான ஓடுதளத்தில் ஒரு சுற்று 400 மீட்டர் என்று எல்லாருக்கும் தெரியும். அது முதல் லேனுக்கு மட்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு லேனும் 1.22 மீட்டர் அகலம். வெளியே போகப் போக வளைவு பெரிதாகும். எட்டாவது லேனில் முழுச் சுற்று ஓடினால் 453 மீட்டர். பல வளாகங்களில் நடக்கிறவர்களையும் மெதுவாக ஓடுகிறவர்களையும் வெளி லேன்களுக்கு அனுப்புவார்கள். அங்கே பத்துச் சுற்று ஓடிவிட்டு நாலு கிலோமீட்டர் என்று எழுதி வைக்கிறவர் உண்மையில் நாலரை ஓடியிருக்கிறார். உடம்புக்கு நல்லதுதான். 'நேற்றைவிட மெதுவாகிவிட்டேனே' என்று மட்டும் கவலைப்பட வேண்டாம்.

வெளியே அனுப்புவதற்குக் காரணம் உண்டு. செயற்கைத் தளத்தின் ரப்பர் அடுக்கு ஏறக்குறைய 13 மில்லிமீட்டர்தான். எல்லாரும் உள் ஓரத்தையே பிடித்து ஓடுவதால் முதல் லேன் சீக்கிரம் தேய்ந்து வழவழப்பாகிவிடும். மற்ற ஏழும் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் முதல் லேன் போனால் தளமே போன மாதிரிதான், நீண்ட தூரப் பந்தயம் எல்லாம் அங்கேதான் ஓடும். நீங்கள் ஒரு வளாகத்தைப் பார்க்கப் போனால், முதல் லேனில் வளைவு தொடங்குகிற இடத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தடவுங்கள். சொரசொரப்பு இருந்தால் அங்கே யாரோ கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மாணவன் கேட்டால் எல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலை ஓடுதளத்தின் கதையை. அங்கே பழைய ஓடுதளம் மேடும் பள்ளமுமாக, மூன்று சுற்றுக்கு ஒரு மைல் என்ற விசித்திரக் கணக்கில் இருந்தது. பல்கலைக்கழகத் தடகள மன்றத்தின் தலைவராக இருந்த ஒரு மருத்துவ மாணவர் அதை மாற்றியே ஆக வேண்டும் என்று முன்னின்று, 1950இல் 440 கெஜத்தில் புதிய சாம்பல் தளம் தயாரானது. அவர் பெயர் ரோஜர் பேனிஸ்டர். 1954 மே 6 அன்று அதே தளத்தில்தான் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார், நாலு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர். கரிச்சாம்பல் தளத்தில், இப்போதுள்ள ரப்பர் எதுவும் இல்லாமல்.

ஓடுதளத்தின் நடுவில் இருக்கிற புல்வெளியைப் பார்த்து "சும்மாதானே கிடக்கிறது, கால்பந்து ஆடலாமே" என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். ஆடலாம். ஆனால் ஈட்டி, வட்டு, சங்கிலிக் குண்டு எறிகிறவர்களும் அதே புல்லில்தான் எறிய வேண்டும். 1984இல் கிழக்கு ஜெர்மனி வீரர் ஊவே ஹோன் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்தபோது, இப்படியே போனால் ஈட்டி மைதானத்துக்குள் அடங்காது என்ற பயம் வந்தது. 1986இலிருந்து ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை முன்னால் தள்ளி, சீக்கிரம் மூக்குக் குத்தி விழும்படி மாற்றினார்கள். வளாகத்தில் யாரும் நூறு மீட்டர் எறியப்போவதில்லை. ஆனாலும் முப்பது மீட்டரில் பந்து பொறுக்கக் குனிந்த முதுகு போதுமே. எறிகிற நேரத்தில் புல்லில் வேறு யாரும் கூடாது என்பது, எந்தத் துறைத் தலைவர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாலும் நான் தளர்த்தாத விதி.

புல் மைதானத்தைப் பற்றி ஒன்று. அது பயிர். மிதித்த பயிருக்கு ஓய்வு வேண்டும். மழை பெய்த மறுநாள் "நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் பூட்டியிருக்கிறீர்கள்" என்று கேட்பார்கள். ஈர மண்ணில் இருபத்திரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் ஓடினால் வேர் அறுந்து, மண் இறுகி, அந்த இடம் பல வாரத்துக்குச் சொட்டையாகக் கிடக்கும். கோல் போஸ்ட் முன்னால் இருக்கும் அந்த வட்டச் சொட்டை எல்லா வளாகத்திலும் பார்க்கலாம். செயற்கைப் புல் போட்டால் காலையிலிருந்து இரவு வரை ஆடலாம், அதனால்தான் நேரப் பஞ்சம் பிடித்த வளாகங்கள் அதற்கு மாறுகின்றன. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தளத்துக்கு மாறியதிலிருந்து, புல்லில் மட்டும் பழகுகிற அணிக்கு அந்த ஆட்டத்தில் எதிர்காலம் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் செயற்கைப் புல் உச்சி வெயிலில் 60 டிகிரிக்கு மேலும் சுடும், விழுந்தால் தோல் உரியும், சுமார் பத்து வருடத்தில் மொத்தமாகப் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும். வளாகத்துக்கு ஒன்று செயற்கை, மற்றவை புல் என்று வைத்திருப்பதே நல்லது என்பது என் கட்சி.

நீச்சல் குளம். கையேட்டின் அட்டையில் வருவது இதுதான், வளாகத்திலேயே பராமரிப்புக்கு அதிகம் விழுங்குவதும் இதுதான். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 25 லட்சம் லிட்டர். அத்தனையும் இரவு பகலாக வடிகட்டியில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். குளத்தில் ஆள் இல்லாவிட்டாலும் பம்பு நிற்காது.

குளத்துக்குள் நுழைந்ததும் குப்பென்று மூக்கில் ஏறும் வாடையை "குளோரின் நிறையப் போட்டிருக்கிறார்கள், சுத்தமாக இருக்கும்" என்று எடுத்துக்கொள்வார்கள். நேர்மாறு. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. நன்றாகப் பராமரிக்கிற குளத்தில் வாடை குறைவாக இருக்கும், கண்ணும் எரியாது. எங்கள் குளத்துக்காரர் தினமும் மூன்று வேளை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் மொண்டு, ஒரு மாத்திரையைப் போட்டு, ஆட்டி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். தண்ணீர் ரோஜா நிறமாகும். அட்டையில் உள்ள நிறங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, கரும்பலகையில் எழுதுவார். அமில காரத்தன்மை (pH) 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருக்க வேண்டும், மேலே போனால் குளோரின் போட்டும் வேலை செய்யாது. உங்கள் வளாகக் குளத்தின் வாசலில் அப்படி ஒரு பலகை இருக்கிறதா, அதில் இன்றைய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். போன மாதத் தேதி இருந்தால் குளிக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். குளத்தில் இறங்குமுன் ஷவரில் நிற்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

குளத்திலும் அதே நேரச் சண்டை. போட்டி நீச்சல்காரர்களுக்குத் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது குளிரும். வசதியுள்ள வளாகங்கள் இரண்டு குளம் வைத்திருக்கும். இல்லாதவர்கள் பெரிய குளத்தைக் குறுக்கே நகரும் தடுப்பால் பிரித்து, ஒரு பக்கம் அணி, மறு பக்கம் பொது என்று ஓட்டுவார்கள். நீளவாக்கில் நீந்துகிற லேன்களில் மெதுவானவர், நடுத்தரம், வேகம் என்று பலகை இருக்கும். நாம் எது என்று உண்மையைச் சொல்லிக்கொண்டு இறங்கினால் யாரும் யார் காலையும் உதைக்க மாட்டார்கள்.

ஜிம்மைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிரெட்மில் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். 'பழுது' என்று தாள் ஒட்டிய இயந்திரம் எத்தனை, அந்தத் தாள் எவ்வளவு மஞ்சளாகியிருக்கிறது என்று பாருங்கள். பளு தூக்கும் ரேக் எத்தனை என்று பாருங்கள், வரிசை அங்கேதான் நிற்கும். எடைத் தட்டுகள் இடத்தில் இருந்தால் அங்கே கண்டிப்பான ஆள் ஒருவர் இருக்கிறார். முதல் வாரம் எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். அவ்வளவுதான்.

ஸ்குவாஷ் கோர்ட் இருந்தால் ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். 9.75க்கு 6.40 மீட்டரில் நாலு சுவர், பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆள் குறைவான அந்த மாதிரி இடங்களுக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகம் 1939இல் தன் அமெரிக்கக் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. அந்த அணி ஆடிய ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில், ஸ்குவாஷ் மாதிரியான ராக்கெட்ஸ் ஆட்டத்துக்கான கோர்ட்டில், இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு கிராஃபைட் செங்கல்களை அடுக்கியது. 1942 டிசம்பர் 2 அன்று, மனிதன் கட்டுப்படுத்திய முதல் அணுக்கரு தொடர்வினை அங்கேதான் நடந்தது. காலி கோர்ட்டை யாருக்கும் கொடுத்துவிடாதே என்று இதைச் சொல்லி நண்பர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

சரி, 'எனக்கு எவ்வளவு கிடைக்கும்' என்றதற்கு இன்னொரு முகமும் உண்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்குமா? அமெரிக்காவில் 1972இல் வந்த 'டைட்டில் 9' சட்டத்தின் மையப் பகுதி வெறும் 37 சொற்கள், அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனம் பாலினத்தைக் காட்டி யாரையும் விலக்கக் கூடாது, அவ்வளவுதான் சொல்கிறது. அதை வைத்தே அங்கே பெண்கள் அணி, பெண்கள் பயிற்சி நேரம், உடை மாற்றும் அறை எல்லாம் மாறின. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, அட்டவணையைப் பார்த்தாலே ஒரு வளாகத்தின் மனசு தெரிந்துவிடும். பெண்களுக்கான நேரம் என்று மதியம் இரண்டு மணியை ஒதுக்கியிருந்தால் அது ஒதுக்கீடு அல்ல, ஒதுக்கல். நானே ஆரம்பத்தில் அப்படி ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன். பெண்கள் கைப்பந்து அணித் தலைவி நேராக அறைக்கு வந்து, "சார், ரெண்டு மணிக்கு எங்களுக்கு லேப் இருக்கு, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாளே அவர்களுக்குச் செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணியை மாற்றிக் கொடுத்தேன். ஆண்கள் அணி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் அதே கேள்விதான். சாய்தளம் வாசலோடு நின்றுவிடுகிறதா, உடை மாற்றும் அறை, கழிவறை, கோர்ட் வரை போகிறதா? சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கும் அதே 28க்கு 15 கோர்ட்தான், வளையமும் அதே 3.05 மீட்டர்தான். தனியாக எதுவும் கட்ட வேண்டாம், அகலமான கதவும் ஒரு மணி நேரமும் போதும்.

பாதுகாப்பில் மூன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதயம் நின்றால் அதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது? நிமிடத்துக்கு நிமிடம் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து சதவீதம் குறைந்துகொண்டே போகும், பூட்டிய அலுவலக அறைக்குள் கருவி இருந்து பயனில்லை. இடி கேட்டால் வெளி மைதானத்தை யார் காலி செய்வார்கள்? கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் திரும்ப இறங்கக் கூடாது. நகர்த்தக்கூடிய கோல் போஸ்டுகளைத் தரையோடு பிணைத்திருக்கிறார்களா? அதில் தொங்கி விளையாடி, அது கவிழ்ந்து உயிர் போன சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு.

ஆக, படத்துக்கா நிஜத்துக்கா என்று தெரிய வேண்டுமானால், அவர்கள் அழைத்துப்போகும் சனிக்கிழமைச் சுற்றுப்பயணத்தில் பார்க்காதீர்கள். வார நாளில் மாலை ஆறேகாலுக்குத் தனியாகப் போங்கள். குடிதண்ணீர் குழாயைத் திறந்து பாருங்கள். கழிவறைக்குள் போய் வாருங்கள். பொருள் கொடுக்கும் கவுண்டரில் ஒரு கூடைப்பந்தை வாங்கித் தோள் உயரத்திலிருந்து கீழே விடுங்கள். இடுப்பு வரைகூட எழும்பாத பந்துகளாகவே இருந்தால் அங்கே காற்றடிக்கும் பம்பு கூட இல்லை. வரிசையில் நிற்கிற இரண்டு பேரிடம் "எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள்" என்று கேளுங்கள். அதைவிடச் சரியான புள்ளிவிவரம் எந்தக் கையேட்டிலும் இருக்காது.

கடைசிக் கேள்வி: எதுவும் தெரியாது, பரவாயில்லையா? தாராளமாகப் பரவாயில்லை. சொல்லப்போனால் உங்களுக்குத்தான் வசதி அதிகம். விளையாடத் தெரிந்தவன் ஆறு மணியைத் தவிர வேறு நேரத்தில் வர மாட்டான், ஏனென்றால் அவனுக்குச் சமமான ஆட்கள் அப்போதுதான் வருவார்கள். கற்றுக்கொள்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கு அட்டவணையில் அங்கங்கே ஓட்டை இருக்கும். வாரத்தில் இரண்டு காலை ஏழு மணி, ஒரு மதியம் பன்னிரண்டு மணி என்று பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வளாகங்களில் பருவத் தொடக்கத்தில் நீச்சலுக்கும் ஷட்டிலுக்கும் தொடக்கநிலை வகுப்பு இருக்கும். அறிவிப்பு முதல் இரண்டு வாரத்தில் ஒட்டப்பட்டு, மூன்றாவது வாரத்தில் இடம் தீர்ந்துவிடும். வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த அறிவிப்புப் பலகையைத்தான்.

நான் இருந்த குளத்தில் முப்பது வயதைத் தாண்டிய ஒரு ஆய்வு மாணவர் மதியம் பன்னிரண்டு மணி வகுப்புக்கு வருவார். முதல் வாரம் முழுக்கப் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மாதம், விசிலும் ஆரவாரமும் இல்லாத அந்த நேரத்தில், 25 மீட்டரை ஒரே மூச்சில் கடந்து மறுகரையைப் பிடித்தார். பார்த்தது குளத்துக்காரரும் நானும்தான். குளத்துக்காரர் கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்குத் திரும்பி வரதையும் சேர்த்துப் பழகணும் சார்" என்றார்.